பெரிமேனெதே

காலை ஒன்பதரை. தெசலோனிகித் துறைமுகத்தில்
பளுதூக்கிகள் கழுத்தை நீட்டிச் சோம்பல் முறிக்கின்றன.
மூன்றாம் மாடியில், என் திரையில்
ஒரு வினைச்சொல். அதன் கீழே கட்டங்கள்.
காலம்: நிகழ்வு. இடம்: முன்னிலை. எண்: பன்மை.
எல்லாம் நிரப்பியாயிற்று.
கடைசிக் கட்டம் மட்டும்
பல் விழுந்த இடம் போல;
நாக்கு அங்கேயே போகிறது.

பிஸ்தெவெதே.
"நம்புகிறீர்கள்" என்றாலும் அதுதான்,
"நம்புங்கள்" என்றாலும் அதுதான்.
ஓர் எழுத்துக்கூட மாறாது.
சொன்னவர் குரல் ஏறியதா இறங்கியதா
தோலில் பதியவில்லை.
அந்த ஏடுகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
மூச்சுவிடக்கூட இடமில்லை;
நிறுத்தற்குறிக்கு எங்கே போவது?

பக்கத்துச் சொற்களை விசாரிப்பேன்,
திருட்டு நடந்த தெருவில் போலீஸ் விசாரிப்பது போல.
முன்னால் நிற்பது ஏவல்;
"இதுவும் நம்ம ஆள்தான்" என்கிறது.
பின்னால் நிற்பது வாயைத் திறக்கவில்லை.

நாளொன்றுக்கு நானூறு சொல் என் கணக்கு.
அநேகமாக எல்லாம் சாது.
சில மட்டும் இப்படி.
"அவிழ்த்துக்கொண்டிருந்தேன்", "அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்":
பழைய கிரேக்கத்தில் நானும் அவர்களும்
ஒரே சட்டையில் வருவோம்.
இன்னொன்று, எழுகிறானா, எழுப்பப்படுகிறானா?
அதற்காக மூன்று நாள்
சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று தெரியாது எனக்கு.

"ஏதாவது ஒன்றைப் போடுங்கள், கிரியா பொலிக்சேனி"
என்கிறான் அர்செனிஸ்.
"கட்டம் ஒரு மதிப்பைத்தான் ஏற்கும்.
கட்டளைகளை மட்டும் தேடுகிறவருக்கு
இந்த வரி கிடைக்க வேண்டுமா, வேண்டாமா?"
இருபத்தாறு வயது. வேதத்தை அவன் திறந்ததே இல்லை.
ஆனால் கேள்வி சரியானது.
ஏவல் என்று போட்டால்
ஒஸ்லோவில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை விரல் நீட்டுவார்.
கூற்று என்று போட்டால்
அதே ஆள் அதே மக்களின் தோளைத் தட்டிக்கொடுப்பார்.
நடுவில் என் சுண்டுவிரல்.

கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு
பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போனேன்.
உள்ளே தம்பி அனெஸ்திஸ்,
மார்பைத் திறந்து வைத்திருந்தார்கள்.
கதவுக்கு மேலே ஒரு திரை.
எங்கள் எண், அதன் கீழே பெரிய எழுத்தில்:
பெரிமேனெதே.
முற்றுப்புள்ளி இல்லை. வியப்புக்குறி இல்லை.

காத்திருங்கள்?
அப்படியென்றால் கதவுக்கு அப்பால் யாரோ இருக்கிறார்கள்,
நம்மிடம் ஒன்று கேட்கிறார்கள்.
காத்திருக்கிறீர்கள்?
அப்படியென்றால் யாருமில்லை.
ஓர் இயந்திரம் நம்மை எட்டிப் பார்த்து
நம் நிலைமையை நமக்கே வாசிக்கிறது.

எள் வளையம் மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர்
"தெரிகிறது, தெரிகிறது" என்று
திரைக்குப் பதில் சொன்னார்.
எதிரே ஒரு பெண் அதைப் படித்துவிட்டு
முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்து,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள்.
நான் பதினைந்து வருடமாக இதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.
எனக்கு எது என்று தெரியவில்லை.

நாலு மணிக்குத் தாதி வந்தாள்,
முகக்கவசம் தாடையில் தொங்க.
"கண் திறந்துவிட்டார்."
"தானாகவா, நீங்கள் எழுப்பினீர்களா?"
என் வாய் கேட்டுவிட்டது.
அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"கூப்பிட்டோம். விழித்தார்.
எதில் சேர்த்துக்கொள்வீர்களோ, அது உங்கள் பாடு."

மறுநாள் அந்தச் சொல்லுக்கு
இரண்டு வரிசை போட்டேன்.
ஏவல் ஒன்று, கூற்று ஒன்று.
அர்செனிஸின் சோதனைகள் சிவப்பாயின.
"மொத்தச் சொற்களில் ஒன்று கூடிவிட்டது.
இல்லாத ஒரு சொல் இருக்கிறது."
"இருக்கட்டும்" என்றேன்.
மாலை வரை முணுமுணுத்தான்.
பிறகு கட்டத்தை அகலப்படுத்தினான்,
ஒரு சொல் இரண்டு பேராக உட்காரும் அளவுக்கு.
எண்ணிக்கையில் மட்டும் அது ஒருவர்தானாம்.

அடுத்த சொல் வந்து நிற்கிறது.
"அவிழ்ப்பேன்" என்கிறதா,
"அவிழ்க்கட்டுமா" என்கிறதா?
காபி ஆறிவிட்டது.